ஒன்றிலிருந்து

நூலகம் என்றால் புத்தகம் இல்லை.
கோடு இழுக்கும், நிறம் நிரப்பும்,
எழுத்தை வளைத்து நிறுத்தும்
பதினோராயிரம் வரி சி.
யாரும் எடுக்கலாம், மாற்றலாம், காசில்லை.
எடுத்தவர்களில் எங்களுக்கு முகம் தெரிந்தவள்
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
ஃபிளெக்ஸ் கடை முனிரத்னா மட்டும்.

பழையபேட்டையில் டயர் கடைக்கு மேல் அறை.
மாங்கூழ் ஆலைகள் ஓடுகிற ஜூன்;
காற்றே கொஞ்சம் புளித்திருந்தது.
இம்தியாஸும் நானும்
அதற்குள் குடிவைக்க ஒரு மொழி தேடினோம்.

பைத்தான் வந்தால் சீர்வரிசையோடு வரும்.
வீடு யாருடையது என்று
மூன்றாம் நாள் நமக்கே சந்தேகம் வரும்.
ஸ்கீம் அழகு.
அடைப்புக்குறியை எண்ணி மூடுவதற்குள்
வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போயிருப்பார்.
ஜாவாஸ்கிரிப்ட் எல்லோருக்கும் தெரியும்,
ஆளுக்கொரு விதமாக.
லுவா சின்னது.
மூலையில் பாய் விரித்தால் போதும் அதற்கு.
ஆனால் ஒன்றிலிருந்து எண்ணும்.

"சுழியில தொடங்காத மொழிய
உள்ள விடமாட்டேன்" என்றான் இம்தியாஸ்.
சொல்லாத ஆசை ஒன்று வைத்திருந்தான்.
இரவு இரண்டு மணிக்கு
டீத்தூள் பொட்டலத்தைப் பிரித்து அதன் பின்புறம்
சொந்தமாக ஒரு மொழி, இலக்கணத்தோடு.
நன்றாகத்தான் இருந்தது.
அதில் 'வரை' என்றால் தீட்டு.
'வரை' என்றால் அந்த எண் மட்டும்.
ஜன்னலுக்கு வெளியே
இருட்டில் நின்ற சையத் பாஷா மலையும் வரை.
'பத்து வரை வரை வரை' என்று எழுதிவிட்டு
அவனே சிரித்தான்.

மொழியைப் பெற்றவன்
அதன் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் விழித்திருக்க வேண்டும்.
எனக்கு ஓசூரில் காலை ஷிஃப்ட்,
ஐந்து ஐம்பதுக்குக் கம்பெனி பஸ்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழன்
முனிரத்னா கடையில் ஒதுங்கினோம்.
அகலம், உயரம் மட்டும் குறிக்க
நாங்கள் கொடுத்திருந்த கோப்பைத் திறந்து காட்டினாள்.

காதுகுத்து என்றால் மஞ்சள்.
பேர் நீளமா இருந்தா எழுத்தைக் குறுக்கு.
படம் 1 பெருசு. மத்ததெல்லாம் சிறுசு.

இப்படி நூற்று முப்பது வரி.
எங்கள் நிரல் எதையும் படிக்காது.
அவளே படித்து, அவளே கையால் செய்துகொண்டிருந்தாள்.
"என்னைக்காவது படிக்க வைப்பீங்கன்னு
எழுதி வச்சேன்."

"படம் சுழி எங்க?" என்றான் இம்தியாஸ்.
நிமிர்ந்து பார்த்தாள்.
"சுழியா நிக்கறதுக்கு
எவன் காசு குடுத்து பேனர் போடுவான்?"

லுவா வந்தது.
இரண்டு மொழிக்கும் நடுவில் ஓர் அடுக்கு;
ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கிரேடு மாதிரி
கடைசியில் வைத்ததை முதலில் எடுக்க வேண்டும்.
இறக்க மறந்த ஒரே ஒரு கிரேடுக்காக
நான்கு இரவு தேடியிருக்கிறேன்.

அப்புறம் திருவிழா பேனர், இருபது அடி.
பன்னிரண்டு முகம் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று.
அவள் ஒன்றிலிருந்து கேட்க
நாங்கள் சுழியிலிருந்து எடுத்துக் கொடுக்க
கடைசி வட்டம் காலி.
பெரிய வட்டத்தில்
இரண்டாவது ஆள் கைகூப்பிச் சிரித்தார்.
அச்சுக்கூலி கொடுத்த திம்மராயப்பன் எங்கும் இல்லை.
சிரித்தவர் அவருடைய பங்காளி.
எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

திருத்தத்தை இம்தியாஸ்தான் எழுதினான்.
உள்ளே வரும்போது ஒன்று கழி,
வெளியே போகும்போது ஒன்று கூட்டு.
குறிப்பில் ஒரே வாக்கியம்:
திம்மராயப்பன் அவர்கள் மன்னிக்கவும்.
டீத்தூள் பொட்டலம் மட்டும்
அவன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் இருக்கிறது.
நான் கேட்பதில்லை.

முனிரத்னா நேற்று அனுப்பியிருக்கிறாள்,
தானாகவே எழுதிய முதல் நிரல்.
ஏழு வரி. ஆறாவதில் பிழை.
கம்பெனி பஸ்ஸில் நின்றபடி
சூளகிரி தாண்டும்வரை
திருத்தாமல் படித்துக்கொண்டிருந்தேன்.